ஒரு பட்டனை அமர்த்தியதற்கு எவ்வளவு கூலி?



சில மாதங்களுக்கு முன்னர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் முச்சக்கர வண்டியில் ஒரு பாரமான பெட்டியுடன் எனது கடைக்கு வந்தார். பெட்டிக்குள் 1970களில் ஜப்பானில் செய்த சன்சுயி எம்ப்ளிபயர் ஒன்று. முன்பக்கம் முழுவதும் கறுப்பு, பக்கங்களில் மரம். சவூதியில் வேலை செய்த அவரது மூத்த சகோதரர் கொண்டுவந்து கொடுத்ததாம்.

"தம்பி, மூன்று பாஸ்மாரிடம் காட்டிவிட்டேன். ஒருவர் ஐசி போய்விட்டது என்றார். ஒருவர் பதினெட்டாயிரம் கேட்டார். கடைசி ஆள் நிறுத்து விற்றுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். நீங்களும் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு நான் கவலைப்படாமல் கொடுத்துவிடுகிறேன்" என்றார்.

அந்த மொடலில் ஐசியே கிடையாது. செட்டைப் போட்டேன். விளக்கு எரிந்தது. சத்தம் இல்லை. முன்பக்கத்தைப் பார்த்தேன். 'டேப் மொனிட்டர்' என்ற சுவிட்ச் கீழே இருந்தது. அக்காலத்து செட்களில் அந்த சுவிட்சைப் போட்டால் பாட்டு பின்பக்கமாக வெளியே போய், கெசட் டெக் ஒன்றுக்குள் நுழைந்து, அங்கிருந்து திரும்பி வர வேண்டும். டெக் பூட்டாவிட்டால் போன பாட்டு திரும்பாது. பேரப்பிள்ளைகள் யாரோ விளையாட்டாக அதைத் தட்டியிருக்க வேண்டும். மேலே தள்ளினேன். இரண்டு ஸ்பீக்கரிலும் பாட்டு வந்தது.

சேர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "எவ்வளவு தம்பி?" என்றார். பார்வைக்கூலி 500 ரூபா என்று சொல்லி, எந்த சுவிட்ச், ஏன் சத்தம் வரவில்லை என்பதையும் காட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

அவர் போன பிறகு என் மகன் சொன்னான்: "வாப்பா, இரண்டு நாள் வைத்துக்கொண்டு மூவாயிரம் எடுத்திருக்கலாம். அவரும் சந்தோஷமாகக் கொடுத்திருப்பார்."

மகன் சொன்னது பொய்யல்ல. அவர் சந்தோஷமாகவே கொடுத்திருப்பார். அவனுக்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் இவ்வாரம் உங்கள் முன் வைக்கிறேன். ஏனென்றால் பழைய சாமான் திருத்தும் தொழிலைப் பற்றி எமது வியாபாரிகள் மத்தியில் இரண்டு தவறான எண்ணங்கள் இருக்கின்றன. ஒன்று, அது செத்துப்போன தொழில் என்பது. மற்றது, வாடிக்கையாளருக்குத் தெரியாமல் இருப்பதில்தான் அதன் இலாபம் என்பது. இரண்டாவது எண்ணம்தான் முதலாவதை உண்மையாக்கிக் கொண்டிருக்கிறது.

பழுதா, அழுக்கா?

நான் சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு 1986 இல் வாப்பாவின் உதிரிப்பாகக் கடையில் நின்றவன். படித்த எஞ்சினியர் அல்ல. ஆனால் இத்தனை வருடங்களில் மேசைக்கு வந்த பழைய ஸ்டீரியோ செட்களில் பெரும்பாலானவற்றுக்கு இருந்தது சின்ன நோய்தான் என்று தைரியமாகச் சொல்வேன். நாற்பது ஐம்பது வருடத்து சாமானுக்கு வரும் வழமையான நோய்கள் இவை:

சத்தத்தைக் கூட்டும் நொப்பைத் திருப்பும்போது 'கரகர' என்று கேட்கிறதா? ஒரு பக்கம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்கிறதா? உள்ளே கரிப்பூச்சுப் பாதை ஒன்றின் மீது ஒரு சின்ன உலோக விரல் ஓடுகிறது. அதில் தூசியும் பாசமும் பிடித்திருக்கும். எமது நாட்டின் ஈரக்காற்றுக்கு, அதிலும் கடலோர ஊர்களில், இது விரைவாகவே வரும். பிளக்கைக் கழற்றிவிட்டு, மின்தொடுகைகளுக்கென்றே விற்கும் கிளீனர் ஸ்பிரேயை இரண்டு துளி உள்ளே அடித்து, நொப்பை முப்பது தடவை அங்கும் இங்கும் திருப்பினால் போதும். பூட்டு, கதவு, துருப்பிடித்த ஆணிக்கு அடிக்கும் ஸ்பிரேயை இதற்கு அடிக்கக் கூடாது. அது தூசியை இழுத்து வைத்துக்கொண்டு சில மாதங்களில் முன்னையதை விட மோசமாக்கும்.

செட்டைப் போட்டதும் சில விநாடிகளில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது ஸ்பீக்கரைப் பாதுகாக்கும் ரிலே. அதன் தொடுமுனை கறுத்துப்போனால் ஒரு பக்கம் மெல்லியதாகக் கேட்கும், சத்தத்தைக் கூட்டினால் திடீரென வரும். கடதாசித் துண்டொன்றைக் கிளீனரில் நனைத்து முனைகளுக்கிடையில் வைத்து மெதுவாக இழுத்தால் அழுக்கு வரும். அரத்தாள் போட்டுத் தேய்த்தால் மேற்பூச்சுப் போய்விடும். பிறகு ரிலேயையே மாற்ற வேண்டும்.

கெசட் டெக்கில் மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கிறது, ரீல் சுற்றவில்லை என்றால் பெல்ட் போய்விட்டது. பழைய ரப்பர் பெல்ட் சில நேரம் தார் போல உருகிக் கிடக்கும். ஐசோபுரொப்பைல் அல்கஹோல் நனைத்த பஞ்சினால் புலிகளில் ஒட்டியிருப்பதை முழுக்கத் துடைத்த பின்னரே புதிய பெல்ட் போட வேண்டும். அளவு தெரியாவிட்டால் பெல்ட் ஓடும் பாதையை நூல் வைத்து அளந்து, அதை விட நூற்றுக்கு ஐந்து அளவில் சிறியதை எடுங்கள். பாட்டு மங்கலாகக் கேட்டால் டெக்கைக் கழற்றத் தேவையில்லை. அதே அல்கஹோலினால் ஹெட்டைத் துடைத்துப் பாருங்கள்.

ஸ்பீக்கர் 'பட பட' என்று அடித்தால் முன்வலையைக் கழற்றிப் பாருங்கள். காகிதக் கூம்பைச் சுற்றியுள்ள ஸ்பொஞ்ச் வளையம் பொடியாக உதிர்ந்திருக்கும். ஸ்பொஞ்ச் வளையம் பதினைந்து இருபது வருடங்களுக்கு மேல் தாங்குவது அரிது. கூம்பும் உள்ளே இருக்கும் செப்புச் சுருளும் நன்றாக இருந்தால் வளையத்தை மட்டும் மாற்றலாம். கூம்பை இரு கைவிரல்களாலும் சமமாக மெதுவாக அமர்த்திப் பாருங்கள். உரசும் சத்தம் இல்லையென்றால் நல்லது. மல்டிமீட்டரை வைத்தால் 8 ஓம் ஸ்பீக்கர் ஏறக்குறைய 6 ஓம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது.

தட்டினால் பாடுகிறது, விட்டால் நிற்கிறது என்றால் பெரும்பாலும் ஈயம் பற்றவைத்த இடம் சூட்டினால் வெடித்திருக்கும். புதிதாகப் பற்றவைத்தால் சரி. 'ம்ம்ம்' என்று ஓயாத இரைச்சல் வந்தால் பவர் பகுதியின் கெபசிட்டர்கள் காய்ந்திருக்கலாம். மாற்றும்போது மைக்ரோபராட் அளவு அதேயாகவும், வோல்ட் அளவு அதே அல்லது கூடவாகவும் இருக்க வேண்டும். கூட்டல் கழித்தல் பக்கம் மாறினால் வெடிக்கும்.

இவற்றில் எதற்கும் பட்டம் தேவையில்லை. மல்டிமீட்டர், சோல்டரிங் அயன், ஈயம் உறிஞ்சி, நல்ல ஸ்குரூ டிரைவர்கள், கிளீனர், அல்கஹோல். எல்லாம் சேர்த்து ஒரு சாதாரண கைத்தொலைபேசியின் விலைக்குள் முடிந்துவிடும். அதைவிட முக்கியம், பெட்டியைத் திறப்பதற்கு முன் வெளியே உள்ள எல்லா சுவிட்சையும் ஒரு தடவை பார்க்கும் பொறுமை.

கை வைக்கக் கூடாத இடம்

தெரிந்ததைச் செய்வது போலவே தெரியாததை விடுவதும் தொழில்தான். பெரிய எம்ப்ளிபயரில் இருக்கும் பருத்த கெபசிட்டர்கள் பிளக்கைக் கழற்றிய பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஸ்குரூ டிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்க விடுவது வீரமல்ல. சில நூறு ஓம் உள்ள பெரிய ரெசிஸ்டர் ஒன்றினால் இறக்கிவிட்டு, மீட்டர் வைத்துப் பார்த்த பின்னரே தொட வேண்டும். வால்வு ரேடியோ, வால்வு எம்ப்ளிபயர் என்றால் உள்ளே சில நூறு வோல்ட் இருக்கும். பழக்கமில்லாதவர் அதைத் திறக்கவே வேண்டாம்.

எமது ஊர்களில் இன்னொரு பழக்கம் உண்டு. பியூஸ் போனால் சிகரட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிப் போடுவது. பியூஸ் என்பது வீட்டு வாசலில் நிற்கும் காவல்காரன். அவன் விழுந்தால் ஏன் விழுந்தான் என்று பார்க்க வேண்டும். அதே அளவு பியூஸ் ஒன்றைப் போடலாம். அதுவும் உடனே போனால் உள்ளே ஏதோ ஷோர்ட் ஆகியிருக்கிறது. ஈயத்தாள் போட்டால் அடுத்துப் போவது டிரான்ஸ்போமர், அதற்கடுத்து வீடு.

பல வருடம் கிடப்பில் இருந்த செட்டை நேராக 230 வோல்ட்டில் செருகுவதும் பிழை. 60 அல்லது 100 வொட் குண்டு பல்ப் ஒன்றை வரிசையில் இணைத்துக் கொடுங்கள். பல்ப் ஒரு கணம் எரிந்து மங்கினால் பயமில்லை. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உடனே நிறுத்துங்கள். உள்ளே ஷோர்ட் இருக்கிறது, ஆனால் ஒன்றும் எரியாமல் நீங்கள் அதைத் தெரிந்துகொண்டீர்கள். ஒரு பல்பின் செலவில் ஒரு செட் தப்புகிறது.

என் மேசைக்குள் இருந்த டிரான்சிஸ்டர்கள்

இனி, மகனுக்குச் சொல்ல வேண்டிய விடயத்துக்கு வருகிறேன். இது என்னைப் பற்றியது.

2003 இல் மொத்த வியாபாரி ஒருவர் எனக்கு எம்ப்ளிபயரின் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் நூறு கொடுத்தார். 2SC5200, 2SA1943 என்ற இலக்கங்கள். ஜப்பானியப் பெயர் அச்சடித்திருந்தது. விலையோ வழமையான கொள்விலையில் மூன்றில் ஒன்று. எப்படி இந்த விலை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கிடைக்கப்போகும் பதில் எனக்குத் தேவைப்படவில்லை என்பதுதான் உண்மை.

வெளியூர் பாஸ் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். அவர் நான்கு வாங்கிப் போனார். பத்து நாட்களில் திரும்பி வந்தார். ஒரு டிரான்சிஸ்டர் ஷோர்ட் ஆகிவிட்டது. அந்த செட்டில் பாதுகாப்பு ரிலே இல்லை. ஆகவே பவர் பகுதியின் முழு மின்சாரமும் நேராக ஸ்பீக்கருக்குள் போய் வூபர் சுருள் எரிந்துவிட்டது. கல்யாண வீட்டுக்கு இரண்டு நாள் இருக்கையில் நடந்ததாம். பாஸ் தன் கைக்காசைப் போட்டு வூபர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். என்னிடம் கோபமாகப் பேசவில்லை. "முதலாளி, இது நல்ல சாமான்தானா?" என்று மட்டும் கேட்டார். "நல்ல சாமான்தான், உங்கள் வேலையில் ஏதும் பிழை இருக்கும்" என்று சொன்னேன்.

அன்றிரவு ஒன்றைக் குறட்டினால் உடைத்துப் பார்த்தேன். உள்ளே இருந்த சிலிக்கன் துண்டு அரிசியில் பாதி அளவுகூட இல்லை. பழைய அசல் ஒன்றை உடைத்தேன். அதில் அதைப் போல் பல மடங்கு பெரிய துண்டு. பாரத்தைத் தாங்கும் வேலை அந்தத் துண்டின் வேலை. சின்னத் துண்டில் பெரிய இலக்கத்தை அச்சடித்து விற்றிருக்கிறார்கள். மிகுதியை உடனே வீசினேன் என்று எழுத ஆசைதான். ஆனால் ஒரு வாரம் மேசைக்குள் வைத்திருந்தேன். அந்த வாரத்தில் எட்டு விற்றேன். ஒன்பதாவதைக் கேட்டு வந்த பையனின் முகத்தைப் பார்த்த பிறகுதான் கை வரவில்லை. அந்த பாஸ் அதன் பிறகு என் கடைக்கு வரவேயில்லை. அவரைத் தேடிப்போய் வூபரின் காசைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஆனாலும் வரவில்லை.

சகோதரர்களே, இன்றும் இந்த இரண்டு இலக்கங்களும், பழைய செட்களில் வரும் எஸ்டிகே ஐசிகளும் உலகம் முழுவதும் போலியாக வருகின்றன. அசலைச் செய்வது நின்றுபோன சாமானுக்குப் போலி அதிகம். விலை மிகக் குறைவு என்றால் சந்தேகியுங்கள். அச்சை அசிட்டோன் தொட்ட பஞ்சினால் துடைத்துப் பாருங்கள். ஒரு தொகுதி வாங்கினால் ஒன்றை உடைத்துப் பாருங்கள். ஒரு டிரான்சிஸ்டரின் நட்டம் ஒரு வாடிக்கையாளரின் நட்டத்தை விடக் குறைவு.

செட்டைத் திருத்தி முடித்ததும் ஸ்பீக்கரைப் பூட்டு முன் அவுட்புட்டில் மீட்டரை வைத்து டிசி வோல்ட்டைப் பார்க்கும் பழக்கம் எனக்கு அந்தச் சம்பவத்திற்குப் பிறகு வந்தது. 50 மில்லிவோல்ட்டுக்குக் குறைவாக இருந்தால் பூட்டலாம். வோல்ட் கணக்கில் இருந்தால் பூட்டக் கூடாது.

ஜப்பான் பழைய சாமான் எடுப்போர் கவனத்திற்கு

ஜப்பானிலிருந்து பாவித்த சாமான் எடுக்கும் சகோதரர்களுக்கும் சில விடயங்கள். ஜப்பான் உள்நாட்டு செட்கள் 100 வோல்ட்டுக்குச் செய்தவை. எமது 230 வோல்ட்டில் செருகினால் அந்த இடத்திலேயே கதை முடிந்தது. வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்போமருடன் சேர்த்தே விற்க வேண்டும், அதன் விலையையும் முதலிலேயே கணக்கில் போட வேண்டும்.

ஜப்பானின் பழைய எப்.எம். ரேடியோ 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். எமது அலைவரிசைகள் 108 வரை போகின்றன. ஆகவே அழகான டியூனரில் எமது நிலையங்களில் பெரும்பாலானவை வராது. இது பழுதல்ல, திருத்தவும் இலேசில் முடியாது. விற்கும்போது சொல்லிவிட வேண்டும்.

மேற்கு ஜப்பானில் 60 ஹேர்ட்ஸ் மின்சாரம். இங்கே 50. மின்சாரத்தின் துடிப்பைப் பார்த்து ஓடும் பழைய வகை மோட்டார் உள்ள இசைத்தட்டு இயந்திரத்தை 60 ஹேர்ட்ஸுக்குப் பொருத்தியபடியே இங்கே போட்டால், நிமிடத்துக்கு 33⅓ சுற்ற வேண்டிய தட்டு 28 கூடச் சுற்றாது. பாட்டு இழுபடும். பெல்ட்டை மாற்றிப் பயனில்லை. மோட்டாரின் புலியை மாற்ற வேண்டும். சவூதியிலிருந்து வந்த செட்களிலும் கவனம் தேவை. அங்கு முன்னர் 127 வோல்ட் பாவனையில் இருந்தது, அதுவும் 60 ஹேர்ட்ஸ். பின்பக்கத்தில் வோல்ட் தெரிவு சுவிட்ச் இருந்தால் பிளக்கைத் தொடு முன் அதைப் பாருங்கள்.

கணக்குப் பார்ப்போம்

"எல்லாம் சரி, கைத்தொலைபேசியில் பாட்டுக் கேட்கும் காலத்தில் இதற்கு யார் வருவார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

அமெரிக்காவில் 2022 இல் இசைத்தட்டுகள் 4 கோடி 10 இலட்சமும் சீடிகள் 3 கோடி 30 இலட்சமும் விற்றன. 1987 க்குப் பிறகு எண்ணிக்கையில் இசைத்தட்டு சீடியை முந்தியது அதுவே முதல் தடவை. 2010 இல் நிறுத்தப்பட்ட டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 இசைத்தட்டு இயந்திரம் 2016 இல் மீண்டும் சந்தைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் வீட்டுச் சாமான்களைத் திருத்தும் உரிமை பற்றி விசேட சட்டமே கொண்டுவந்தது. பணக்கார நாடுகள் திருத்துவதை நோக்கித் திரும்புகின்றன.

எமது நாட்டில் காரணம் இன்னும் இலகுவானது. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதை நாம் யாரும் மறக்கவில்லை. கப்பலில் வர வேண்டிய சாமான் வராமல் ராக்கைகள் வெறுமையாக இருந்த அந்த நாட்களில் என் கடையைத் தாங்கியது மூலையில் இருந்த திருத்தும் மேசை. புதிய செட் ஒன்றின் விலையில் பெரும்பகுதி வெளிநாட்டுக்குப் போகிறது. திருத்தும் கூலியில் பெரும்பகுதி எமது கையிலேயே நிற்கிறது.

இதை நம்பி இருக்கும் வியாபாரத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று செட் வந்தால் அதிகம். ஆனால் மின்சாதனக் கடையோ உதிரிப்பாகக் கடையோ வைத்திருப்பவர் ஒரு மூலையில் ஒரு மேசை போட்டு, கைவேலையில் ஆர்வமுள்ள ஓர் இளைஞனை இருத்தினால், அந்த மேசைக்கு வருபவர் வெறுங்கையுடன் போகமாட்டார். வயர் வாங்குவார், பிளக் வாங்குவார், அடுத்த முறை மின்விசிறி வாங்க உங்களிடமே வருவார்.

அந்த மேசைக்கு மூன்று சட்டம் போதும். பார்வைக்கூலி எவ்வளவு என்று பலகையில் எழுதி வையுங்கள். திருத்தும் செலவு அதற்கு மேல் போனால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். என்ன செய்தோம், எதை மாற்றினோம் என்று பில்லில் எழுதி, கழற்றிய பழைய பாகத்தையும் கையில் கொடுங்கள்.

இப்போது என் மகனுக்குப் பதில். மகனே, சேரிடம் மூவாயிரம் எடுத்திருக்கலாம். ஆனால் அவருக்கு முன்னர் மூன்று பேர் அப்படித்தான் நினைத்தார்கள். அதனால்தான் அவர் நல்ல செட்டை இரும்புக்கடைக்குக் கொடுக்கத் தயாரானார். அப்படிக் கொடுத்திருந்தால் அந்த மூவரில் ஒருவருக்கும் ஒரு சதமும் கிடைத்திருக்காது, எனக்கும்தான். 500 ரூபா கொடுத்துப் போனவர் போன கிழமை அயலவர் ஒருவரின் கெசட் டெக்குடன் வந்தார். பெல்ட் மாற்ற வேண்டும். அந்த வேலையை நீதான் செய்யப் போகிறாய்.